டிரைவரக்காவின் கேட் மசோதா

டிரைவரக்காவுக்குச் சபையில் ஒதுக்கிய இடம் கடைசி வரிசையில், ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தது. முன்வரிசையில் யாராவது வேடிக்கையாகப் பேசினால், கடைசி வரிசைக்குச் சிரிப்பு மறுநாள்தான் வந்து சேரும் என்பார்கள். அது கொஞ்சம் மிகைதான். அன்றைக்குச் சாயங்காலமே வந்துவிடும். சபாநாயகருக்கு டிரைவரக்காவின் முகத்தில் பாதி தெரிய வேண்டுமானால்கூட அவர் இடதுபக்கமாகச் சாய்ந்து உட்கார வேண்டும். முதல் நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் வலதுகால் தானாக பிரேக்கைத் தேடியது. முன்னால் கண்ணாடி இல்லை, பின்னால் பயணிகள் இல்லை, எங்கே போகிறோம் என்று எழுதிய பலகையும் இல்லை.

"இந்த வண்டிக்கு எது ரூட்டு?" என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டார்.

பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாட்டு டாக்டர். டிரைவரக்காவின் கட்சிதான். மூன்று தேர்தல் ஜெயித்தவர், மூன்று முறையும் இதே கடைசி வரிசை.

"ரூட்டெல்லாம் முன்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்குத் தெரியும் தங்கச்சி. நாம ஸ்டாண்டிங்ல வர்றோம். கம்பியப் பிடிச்சுக்க."

டிரைவரக்கா சபைக்கு வருமுன் டவுன் பஸ் ஓட்டியவர். அவருடைய கணவர் அதே பஸ்ஸில் கண்டக்டர். சைக்கிள்காரர்களே இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற சந்தில் அவர் பஸ்ஸைத் திருப்புவார். அப்போது இரண்டு பக்கச் சுவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒடுங்கி நிற்கும் என்று அந்தத் தெருக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். வீட்டில் சண்டை நடந்த நாளில் கண்டக்டரின் விசில் நீளமாக இருக்கும். சமாதானம் ஆன நாளில் குட்டையாக, குருவி கூப்பிட்ட மாதிரி இருக்கும். பயணிகள் அதைக் கேட்டுத்தான், இன்றைக்குச் சில்லறை இல்லாமல் ஏறலாமா கூடாதா என்று முடிவு செய்வார்கள்.

அவர்களுக்கு ஒரே மகள். துணி ஆலையில் வேலை பார்த்தாள். பனி மூடிய ஒரு காலையில், ஊருக்கு வெளியே, கேட் இல்லாத இடத்தில் தண்டவாளத்தைக் கடந்த ஆலை வேனை ரயில் அடித்தது. வேனில் மகள் இருந்தாள். அவளோடு தினமும் ஒரே சீட்டில் ஒட்டி உட்கார்ந்து போகிற எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் மகளும் இருந்தாள். பஸ்ஸாக இருந்தால், கண்டக்டர் கீழே இறங்கித் தண்டவாளம் வரை நடந்து, இரண்டு பக்கமும் பார்த்து விசில் கொடுத்த பிறகுதான் டிரைவர் வண்டியை எடுக்க வேண்டும். வேனுக்குக் கண்டக்டர் கிடையாது, டிரைவர் மட்டும்தான். விசாரணை நடந்தது. ரயில் மேல் தப்பில்லை, தண்டவாளத்தின் மேல் தப்பில்லை, பனியின் மேல் வழக்குப் போட முடியாது என்று முடிந்தது. கண்டக்டருக்கு அந்த வருடமே நெஞ்சு வலி ஆரம்பித்தது.

தேர்தல் வந்தபோது தையல்காரம்மாதான் டிரைவரக்காவைக் கிளப்பினார்.

"நீ நில்லுக்கா. ஊர்ல உன் வண்டியில ஏறாதவங்க யாரு இருக்காங்க?"

"நின்னு என்ன பேசறது?"

"கேட் வரும்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்த வேண்டாம்."

அப்படியே செய்தார். வீடு வீடாகப் போய், "கேட் கொண்டு வர்றேன்" என்றார். குடிதண்ணீர் பற்றிக் கேட்டால் "அது எனக்குத் தெரியாதுங்க" என்றார். இப்படி ஒரு வேட்பாளரை ஊர் பார்த்ததே இல்லை. ஜெயிக்க வைத்துவிட்டார்கள்.

சபையில் முதல் சில மாதங்கள் கேள்வி கேட்பதிலேயே போயின. எழுதிக் கொடுத்தால் அச்சிட்ட பதில் வரும். எல்லாப் பதிலும் 'பரிசீலனையில் உள்ளது' என்று முடியும்.

"அப்படின்னா என்ன அண்ணே?"

"மாடு அசை போடுறதப் பாத்திருக்கியா?" என்றார் மாட்டு டாக்டர். "அதுகூட ஒரு கட்டத்துல முழுங்கிரும் தங்கச்சி. இவங்க முழுங்கவே மாட்டாங்க."

அமைச்சராக இல்லாத சாதாரண உறுப்பினரும் மசோதா கொண்டு வரலாம். ஆனால் அதற்கு வெள்ளிக்கிழமை மதியம் மட்டும்தான் நேரம். அதுவும் குலுக்கலில் பெயர் வர வேண்டும். மாட்டு டாக்டர் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் பெயர் கொடுத்துப் பார்த்து, அந்தப் பெட்டிக்குள் தன் சீட்டை மட்டும் எலி தின்றுவிடுகிறது என்ற முடிவுக்கு வந்திருந்தார். டிரைவரக்காவின் பெயர் முதல் தடவையிலேயே முதலாவதாக வந்தது.

மசோதா சின்னது. சாலையும் ரயில் பாதையும் குறுக்கிடும் எல்லா இடத்திலும் கேட் இருக்க வேண்டும், கேட்டுக்கு ஆள் இருக்க வேண்டும். அவை வரும் வரை அந்தப் பாதையில் ரயில் ஓடக் கூடாது. கடைசி வரியை எடுத்துவிட்டால் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிப்பார்கள் என்று சட்டம் எழுதித் தரும் அதிகாரி சொன்னார். "அத எடுத்தா மீதியெல்லாம் அசை போடத்தான் ஆகும் சார்" என்று டிரைவரக்கா எடுக்க மறுத்துவிட்டார்.

விவாதம் நடந்த வெள்ளிக்கிழமை, தூணைத் தாண்டி நடைபாதைக்கு வந்து நின்று பேசினார். பஸ்ஸில் கண்டக்டர் எப்படி இறங்கிப் பார்ப்பார் என்று சொன்னார். மகளைப் பற்றிப் பேசவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

எதிர்த்துப் பேசியவர்களில் மரக்கடை ஐயா என்று சபை முழுக்க அழைக்கும் ஒரு பெரியவர் இருந்தார். எதிர்க்கட்சி, ஆனால் அவர் கட்சிக்காகப் பேசவில்லை. அவர் ஊருக்கு ஒரு சின்ன ரயில் பாதை. ஒரே ஒரு சரக்கு வண்டி, மரம் ஏற்றி வரும். வழி நெடுக வயல் பாதைகள், ஒன்றிலும் கேட் இல்லை.

"அத்தனைக்கும் கேட் போடச் சொன்னா ரயில்காரன் கேட் போட மாட்டான், பாதைய மூடிருவான்" என்றார். "மரம் வரலன்னா எங்க ஊர் அறுவை மில் நிக்கும். மில் நின்னா ஊரே மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்தம்மா சொல்றது ஞாயம். நான் சொல்றதும் ஞாயம். அதான் எனக்குத் தூக்கம் வரல."

டிரைவரக்காவுக்கு அவர் மேல் கோபப்பட முடியவில்லை. முயன்றும் பார்த்தார்.

கட்சிகள் இரண்டும் அவரவர் மனசாட்சிப்படி ஓட்டுப் போடலாம் என்று ஒதுங்கிக்கொண்டன. விவாதம் முடிந்தது. ஓட்டெடுப்பு மட்டும் அடுத்த வெள்ளிக்கிழமை. மாட்டு டாக்டர் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, இழுபறிதான் என்றார்.

அதே வெள்ளிக்கிழமைதான் கண்டக்டருக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை என்று ஆஸ்பத்திரி நாள் குறித்தது.

"என் நெஞ்சுக்குள்ள ஒரு கேட் பழுதாம். புதுசு போடப் போறாங்க" என்றார் கண்டக்டர் படுக்கையில் சாய்ந்தபடி. "அதுக்கு மசோதாவெல்லாம் தேவையில்லையாம். நீ எதுக்கும் கேட்டு வச்சுக்க."

அவரை அப்படி விட்டுவிட்டு ஓட்டுப் போடப் போக டிரைவரக்காவுக்கு மனம் வரவில்லை. போகாவிட்டால் ஓர் ஓட்டு குறையும். அதற்கும் மாட்டு டாக்டர்தான் வழி சொன்னார். சபையில் ஒரு பழக்கம் உண்டு. தவிர்க்க முடியாத காரணத்தால் ஒருவர் வர முடியாதபோது, எதிர்ப்பக்கம் ஓட்டுப் போடவிருக்கும் ஒருவர் தானும் போடாமல் வெளியே இருந்துவிடுவார். இரண்டும் கழிந்துவிடும். அதற்கு ஜோடி போடுவது என்று பெயர். எந்த விதிப் புத்தகத்திலும் அது கிடையாது. கை கொடுத்தால் முடிந்தது.

டிரைவரக்கா மரக்கடை ஐயாவைச் சபைக்கு வெளியே நடையில் மடக்கினார். அவர் நின்று முழுவதும் கேட்டார்.

"நெஞ்சு ஆபரேஷனா? யாரு கூட இருக்கா?"

"நான்தாங்கய்யா. வேற யாரும் இல்ல."

"அப்ப நீ அங்க இரு. வெள்ளிக்கிழமை நான் உள்ள போகல."

"எதாவது எழுதித் தரணுங்களா?"

"எழுதினா பின்னாடியே வக்கீல் வருவான்." அவர் கையை நீட்டினார். மரம் தூக்கிக் காய்த்துப்போன கை. டிரைவரக்காவின் கையும் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்ததுதான். இரண்டு பேரும் ஒரு கணம் அதைக் கவனித்தார்கள்.

கண்டக்டரிடம் வந்து சொன்னபோது அவர் கண்ணை விரித்தார். "சபைக்குப் போய் முழுசா ஒரு வருஷம் ஆகல. அதுக்குள்ள ஜோடி சேந்துட்டியா? ஆளு எப்படி?"

"தாத்தா. பல்லு செட்டு."

"சரி, பரவால்ல."

வெள்ளிக்கிழமை காலை அவரைத் தயார் செய்து வண்டியில் தள்ளிக்கொண்டு போய், அறுவை அரங்கின் வாசல் வரை கொண்டுபோய்விட்டு, திரும்பவும் கொண்டுவந்தார்கள். ஏதோ விபத்தாம், அடிபட்டவர்கள் வந்து குவிந்துவிட்டார்கள், அரங்கு காலியில்லை, இனித் திங்கட்கிழமைதான் என்று நர்ஸ் சொன்னார்.

"இங்க உக்காந்து என் மூஞ்சியப் பாத்து என்ன ஆகப் போவுது?" என்றார் கண்டக்டர். "உன் வேலை அங்க கெடக்கு. கெளம்பு."

டிரைவரக்கா கிளம்பினார். அவருக்கு அதில் ஒரு தவறும் தெரியவில்லை. டிப்போவில் நெடுங்கால வழக்கம் ஒன்று உண்டு. லீவு சொன்ன டிரைவர் எப்படியோ வேலைக்கு வந்து நின்றுவிட்டால், மாற்று ஏற்பாடு எல்லாம் அந்த நிமிடமே ரத்து. அவரவர் வண்டியை அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். யாரும் யாருக்கும் சொல்லிவிட வேண்டியதில்லை. தான் வந்துவிட்டால் மரக்கடை ஐயாவும் வழக்கம்போல உள்ளே போய்த் தன் ஓட்டைப் போடுவார், இரண்டு பேருமே போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன, கணக்கு ஒன்றுதானே என்று பஸ்ஸில் நின்றுகொண்டே நினைத்துக்கொண்டார்.

படியேறும்போதே மணி அடித்துக்கொண்டிருந்தது. ஓட்டெடுப்பு என்றால் உறுப்பினர்கள் எழுந்து, ஆதரிப்பவர் ஒரு வாசல் வழியாகவும் எதிர்ப்பவர் இன்னொரு வாசல் வழியாகவும் போக வேண்டும். வாசலில் எண்ணுவார்கள். மணி நின்றதும் கதவைச் சாத்திவிடுவார்கள். டிரைவரக்கா ஓடிப்போய் ஆதரவு வாசல் வரிசையின் கடைசியில் நின்றார். முன்னால் நின்ற மாட்டு டாக்டர் திரும்பிப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

மசோதா ஓர் ஓட்டில் ஜெயித்தது.

யார் யாரோ வந்து தோளைத் தட்டினார்கள். டிரைவரக்கா தூணில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். தையல்காரம்மாவுக்கு போன் செய்தார். எதிர்முனையில் தையல் இயந்திரம் நின்றது, பிறகு அழுகை மட்டும் கேட்டது. அடுத்த மசோதா ஆரம்பமானதும் தண்ணீர் குடிக்க வெளியே கேன்டீனுக்குப் போனார்.

மூலை மேஜையில் மரக்கடை ஐயா உட்கார்ந்திருந்தார். முன்னால் இருந்த டீயில் ஆடை படிந்திருந்தது. டிரைவரக்காவைப் பார்த்ததும் அவர் பதறி எழுந்தார், நாற்காலி சாய்ந்தது.

"என்னம்மா இங்க வந்து நிக்கிற? அவருக்கு... போயிட்டாரா?"

"இல்லைங்கய்யா. தள்ளி வச்சுட்டாங்க. திங்கக்கிழமை பண்றாங்களாம்."

"அப்பாடா." அவர் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். "வயசானவனப் பயமுறுத்திட்டியே. சரி, உள்ள முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்கய்யா. ஒண்ணுல ஜெயிச்சிருச்சு."

அவர் டிரைவரக்காவின் முகத்தையே பார்த்தார். "நீ போட்டியா?"

"போட்டேன். நீங்களும் உள்ள வந்திருப்பீங்கன்னு..." டிரைவரக்கா பாதியில் நிறுத்தினார். அவருக்கு அப்போதுதான் அந்த டீ கண்ணில் பட்டது.

"நான் இங்கதான் இருந்தேன். இருக்கேன்னு சொன்னேன்ல?" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. டீயைத் தள்ளி வைத்துவிட்டு, "தெரியாமப் பண்ணிட்ட. விடு. போய்த் தண்ணி குடி" என்றார். அவர் ஊருக்கு அன்று சாயங்காலமே போன் பேச வேண்டியிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதை இரண்டு பேரும் பேசவில்லை.

டிரைவரக்கா தண்ணீர் குடிக்காமலே உள்ளே வந்து மாட்டு டாக்டரின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்களுக்குத் தெரியும்ல அண்ணே?"

"தெரியும்."

"என்னைப் பாத்தீங்கள்ல?"

"பாத்தேன். ஒரு ஓட்டு தேவப்பட்டுச்சு. பேசாம இருந்துட்டேன்." அவர் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். "சட்டத்துல இல்லாத விஷயம் தங்கச்சி. யாரும் கேக்க முடியாது. நீ வாயத் தொறக்காத. சபை கலையறதுக்குள்ள எழுந்து நின்னு என் ஓட்டத் திரும்ப எடுத்துக்கறேன்னு சொன்னாத்தான் மாறும். எந்தப் பைத்தியம் சொல்லும்?"

"எடுத்தா என்ன ஆகும்?"

சொல்லியிருக்கக் கூடாதென்று மாட்டு டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் சொன்னார். "ரெண்டு பக்கமும் சமம். சமமானா சபாநாயகர் போடுவாரு. இருக்கறது இருக்கறபடியே இருக்கட்டும்னுதான் எப்பவும் போடுவாரு. மசோதா செத்துது. உன் பொண்ண நெனச்சுப் பாரு."

டிரைவரக்கா எழுந்து நடைக்குப் போய் ஆஸ்பத்திரிக்கு போன் செய்தார். கண்டக்டர் முழுவதும் கேட்டார்.

"அவரு சத்தியம் எதுவும் பண்ணாரா?"

"இல்லீங்க. கை குடுத்தாரு."

"நீ?"

"நானும் குடுத்தேன்."

வார்டில் யாரோ இருமுவது கேட்டது.

"அப்பறம் எதுக்கு எனக்கு போன் பண்ற?" என்றார் கண்டக்டர்.

டிரைவரக்கா உள்ளே போய்க் கையைத் தூக்கினார். தூணுக்குப் பின்னால் இருந்த கை சபாநாயகருக்குத் தெரியவில்லை. நடைபாதையில் இறங்கி முன்வரிசை வரை நடந்தே போனார். கடைசி வரிசைக்காரர் ஒருவர் அவ்வளவு தூரம் வந்ததை யாரும் பார்த்ததில்லை என்பதால் பேசிக்கொண்டிருந்த உறுப்பினரே நிறுத்திவிட்டார்.

"ஐயா, நான் ஜோடி போட்டிருந்தேன். அத மறந்து, இல்ல, சரியாப் புரிஞ்சுக்காம ஓட்டுப் போட்டுட்டேன். அவரு வெளியவே இருந்திருக்காரு. என் ஓட்ட எடுத்துக்கறேன்."

"உறுப்பினருக்கு விளைவு தெரியுமா?" என்று சபாநாயகர் கேட்டார்.

"தெரியுங்கய்யா."

சபாநாயகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சமம் என்று அறிவித்தார். இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும் என்று தன் ஓட்டைப் போட்டார். அதைச் சொன்னபோது அவர் டிரைவரக்காவைப் பார்க்கவில்லை, யாருமே பார்க்கவில்லை.

திங்கட்கிழமை கண்டக்டருக்கு அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. அவர் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் தையல்காரம்மா வந்தார். எதிர்வீடுதான், நாலு எட்டு வைத்தால் வந்துவிடலாம். ஆனால் அதுவரை வரவில்லை. உள்ளே வந்து உட்காரவும் இல்லை.

"அந்த ஆளுக்குக் கை குடுத்தே. அதுக்காக எழுந்து நின்னே. ரொம்பப் பெரிய மனசு." தோளில் தொங்கிய அளவு நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "எங்களுக்கும் ஒண்ணு சொன்னியேக்கா. வீடு வீடாப் போய்ச் சொன்னே. நானும் கூட வந்தேன். அது கணக்குல இல்லையா?"

"அதுவும் கணக்குதான்."

"அப்பறம்?"

"ரெண்டையும் காப்பாத்த எனக்குத் தெரியல."

"தெரியலன்னா என் பொண்ணு விஷயத்த ஏன் தூக்கிட்டுப் போன? தெரிஞ்ச யாராவது போயிருப்பாங்களே."

தையல்காரம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். உண்மையிலேயே ஒரு பதிலுக்காக நின்றார். வராது என்று தெரிந்ததும் போனார். அதன் பிறகு அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே இருந்த தெரு ஆறு மாதிரி அகலமாகிவிட்டது.

கட்டிலில் படுத்திருந்த கண்டக்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

"நீங்க சொல்லலன்னாலும் பண்ணியிருப்பேன்."

"தெரியும். அதான் சொன்னேன். தனியாப் பண்ணிட்டு வந்து நிப்பியேன்னு."

மீதிக் காலம் முழுவதும் டிரைவரக்கா ஒவ்வொரு தொடரிலும் குலுக்கலில் பெயர் கொடுத்தார். மரக்கடை ஐயா ஒருமுறை நடையில் நிறுத்தி, "உன் பேரு வந்தா சொல்லும்மா. அன்னிக்கு எனக்கு வயித்து வலி வரும்" என்றார். பெயர் வரவில்லை. மறுவருடம் அவர் இறந்துபோனார். அவர் இடத்துக்கு வந்தவருக்கு வயிறு நன்றாக இருந்தது.

பதவிக் காலம் முடியப் போகும் சமயத்தில், வேறு ஒரு மாவட்டத்தில், கேட் இல்லாத ஓர் இடத்தில் ஒரு டிராக்டரை ரயில் அடித்தது. ஓட்டிய பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்ததாகப் பத்திரிகையில் போட்டிருந்தது. அது டிரைவரக்காவின் தொகுதி இல்லை, யாரும் அவரைக் கூப்பிடவும் இல்லை. இரண்டு பஸ் மாறிப் போனார்.

வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உள்ளே பெண்களோடு போய்த் தரையில் உட்கார்ந்தார். பையனின் அம்மா அழுது ஓய்ந்து, வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வை டிரைவரக்காவிடம் வந்து நின்றது.

"நீங்க யாருன்னு தெரியலையேம்மா. பொண்ணு வீட்டுப் பக்கமா?"

அத்தனை வருடம் சபையில் இருந்தவர் அங்கே என்னவெல்லாமோ சொல்லியிருக்கலாம். வழி முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தார்.

"இல்லம்மா" என்றார். "நான் பஸ் ஓட்டுறவ."

அந்த அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. நகர்ந்து, தன் பக்கத்தில் கொஞ்சம் இடம் கொடுத்தார்.